அப்பச்சிக்கும் பெரியப்பச்சிக்கும் ஒரே புற்றுநோய்: பரம்பரையா, வைரஸா?

பள்ளத்தூர் வாசகி, 9 ஜூன் 2024, இரவு 9.40

அப்பச்சி (என் அப்பா) இந்த மாசியில் கல்லீரல் புற்றுநோயில் தவறிப்போனார்கள். வயது 57. பெரியப்பச்சியும் (பெரியப்பா) 2011இல் அதே நோயில்தான், 52 வயதில். இரண்டு பேரும் குடித்ததே இல்லை. அப்பச்சியின் ஸ்கேன் தாளில் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஊரில் "அந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது" என்கிறார்கள். தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். இரண்டு இடம் இதைச் சொல்லியே தட்டிப்போனது. புற்றுநோய் மரபணுக்களை எல்லாம் ஒரே ரத்தச் சோதனையில் பார்த்துவிடலாம் என்று ஒரு விளம்பரம் வந்தது, இருபத்தைந்தாயிரம் ரூபாய். நானும் தம்பியும் எடுக்கலாமா? ஐயாவும் அப்பத்தாவும் (அப்பச்சியின் அப்பா, அம்மா) சொந்த அத்தை மகன், மாமன் மகள். அதுதான் காரணம் என்கிறார் ஒரு பங்காளி வீட்டு அண்ணன். அப்பச்சியின் கோப்பில் 'ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்' என்று ஒரு பழைய தாளும் கிடக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பழைய லேப்காரன், 9 ஜூன், இரவு 10.25

கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம். அந்தப் பழைய தாள்தான் விஷயமே. ஹெச்பிஎஸ்ஏஜி என்பது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம்; பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் அது இருக்கிறது.

இருபத்தைந்தாயிரத்தை எடுத்து வையுங்கள், தம்பி கல்யாணத்துக்கு ஆகும். வீட்டில் எல்லோரும் ஹெச்பிஎஸ்ஏஜி சோதனை செய்துகொள்ளுங்கள். வெளியே சில நூறு ரூபாய், அரசு மருத்துவமனையில் காசே இல்லை. அப்பச்சியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அப்பத்தா எதில் இறந்தார்கள், இந்த இரண்டையும் எழுதுங்கள்.

10 ஜூன், காலை

இரவு அவசரத்தில் எழுதியதற்குக் காரணம் சொல்கிறேன்.

தைவானில் பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் 22,707 ஆண் அரசு ஊழியர்களின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். முடிவு 1981இல் வந்தது. அதுவரை கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் ஹெச்பிஎஸ்ஏஜி உள்ளவர்கள். வைரஸ் இல்லாதவரோடு ஒப்பிட்டால் இருப்பவருக்கு ஆபத்து 223 மடங்கு. சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி இவ்வளவு பெரிய எண்ணை யாரும் சொல்வதில்லை.

குடும்பத்தில் வரிசையாக வருவது ஏன்? ஹெபடைடிஸ் பி பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் பெருக்கம் அதிகமாக இருந்து, தடுப்பூசியும் இல்லை என்றால், பத்துப் பிள்ளைகளில் ஏழு முதல் ஒன்பது வரை தொற்றும். பிறந்தவுடன் தொற்றிய பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் தங்குவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மற்றவர்கள் ஒரு மஞ்சள் காமாலையோடு, பலர் அதுகூட இல்லாமல், விரட்டிவிடுகிறார்கள்.

ஆக ஒரு தாய், அவர் பிள்ளைகள், அந்தப் பெண்பிள்ளைகளின் பிள்ளைகள் என்று வைரஸ் இறங்குகிறது. தாளில் குடும்பக் கிளைகளை வரைந்து பார்த்தால் பரம்பரை நோய் மாதிரியே இருக்கும். ரத்தத்தில் இருக்கிறது என்று ஊர் சொல்வது ஒரு வகையில் சரிதான். ரத்தத்தில்தான் இருக்கிறது, விந்தணுவிலும் கருமுட்டையிலும் எழுதி வரவில்லை.

12 ஜூன்

வாசகியின் பதில் கீழே இருந்ததை மேலே கொண்டுவருகிறேன், எல்லோரும் படிக்கட்டும்:

"உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். பெரியப்பச்சி, பெரிய அத்தை, அப்பச்சி, சின்ன அத்தை, அப்பச்சியின் தம்பி. பெரிய அத்தைக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்கு முன் ரத்தம் பார்த்தபோது பாசிட்டிவ் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார்கள், நேற்றுத்தான் சொன்னார்கள். அப்பத்தா 81 வயதில் மாரடைப்பில் போனார்கள். ஐயாவின் தம்பி வீட்டில் யாருக்கும் இது இல்லை."

ஐயாவின் தம்பி வீட்டில் இல்லை, அப்பத்தா வயிற்றில் பிறந்தவர்களில் மூன்று பேருக்கு இருக்கிறது. எனக்கு இது போதும். அப்பத்தா வைரஸைச் சுமந்துகொண்டே 81 வயது வரை வாழ்ந்திருக்க வேண்டும். அப்படி வாழ்கிறவர்கள் ஏராளம். பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் ஆண்களைவிடக் குறைவாகத்தான் வருகிறது, இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம். அதற்கு ஹார்மோனும் ஒரு காரணம்: ஆண் ஹார்மோனின் ஏற்பி இந்த வைரஸின் மரபுப்பொருளில் உட்கார்ந்து அதன் பெருக்கத்தைத் தூண்டுகிறது.

அப்பத்தாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர்களுக்கும் யாரோ கொடுத்ததுதான். சின்ன அத்தையும், அப்பச்சியின் தம்பியும் இந்த வாரமே சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.

13 ஜூன்

"தாய்தான் கொடுத்தார் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? அந்தக் காலத்தில் ஒரே கண்ணாடி ஊசியை வெந்நீரில் முக்கி முக்கி ஊருக்கே போட்டார்களே" என்று தேவகோட்டை அன்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஒரே சவரக் கத்தியால் வரிசையாக மொட்டை அடித்தது, பச்சை குத்தியது, காது குத்தியது, வீட்டில் அண்ணன் தம்பி காயத்தோடு கட்டிப் புரண்டது, எல்லாமே வழிதான். தாய் முதல் சந்தேகம். ஊசி இரண்டாவது. இரண்டில் எதுவானாலும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே.

15 ஜூன், இரவு

என் கதையைக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக.

நானும் பாசிட்டிவ்தான். எங்கள் அம்மாவுக்கு இல்லை, உடன்பிறந்தவர்களுக்கும் இல்லை, என் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. எனக்கு வேலையில் வந்தது. நான் லேபில் சேர்ந்த காலத்தில் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி ஏற்றுவோம். கொஞ்சம் வேகமாக உறிஞ்சினால் நாக்கில் படும். துப்பிவிட்டு டீ குடிக்கப் போவோம். கையுறையைப் பெரிய டாக்டர் மட்டும் போடுவார். தடுப்பூசி என்ற பேச்சே கிடையாது.

ஒரு ரத்ததான முகாமுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். காட்டிய மருத்துவர், "சும்மா இருக்கிற கேரியர் (வைரஸைச் சுமப்பவர்), ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையை நம்பித்தான் பல பேர் பத்துப் பதினைந்து வருடம் ஸ்கேன் எடுக்காமல் இருந்தார்கள். எனக்கு அதே லேபில் வேலை என்பதால் நானே என் கல்லீரல் நொதி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறத் தொடங்கியதும் வேறு மருத்துவரிடம் போனேன். இப்போது வைரஸை அடக்கத் தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

பல் டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் கடைசி டோக்கன் கொடுக்கிறார். ஸ்கேன் எடுக்கும் பையன் ஜெல் தடவிக்கொண்டே "ஐயா குடிப்பீர்களா?" என்கிறான். இல்லை என்றால் நம்புவதில்லை.

19 ஜூன்

கோட்டையூரிலிருந்து உயிரியல் படிக்கும் மாணவர்: "இது டிஎன்ஏ வைரஸ்தானே, அப்படியானால் மரபணுவோடு தொடர்பு இருக்கத்தானே வேண்டும்?"

இருக்கிறது, நிறையவே. ஆனால் வாசகி தேடும் இடத்தில் இல்லை.

இந்த வைரஸின் மொத்த மரபுப்பொருள் சுமார் 3,200 எழுத்து. எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் ஐயா, அப்பத்தா, மாமக்காரர் பெயரெல்லாம் போட்டு முடித்தால் அதைவிட அதிகம் வரும். நம் மரபுப்பொருள் ஏறத்தாழ 320 கோடி. பத்து லட்சம் மடங்கு சின்னதான ஒன்று, நாலே நாலு மரபணுவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, கல்லீரல் செல்லுக்குள் போய்க் குடித்தனம் நடத்துகிறது.

செல்லின் கருவுக்குள் போனதும் வட்டமாக மூடிக்கொண்டு, அங்கிருந்தபடியே நகல் எடுக்கிறது. அப்படி எடுக்கும்போது சில நகல்கள் வட்டமாகாமல் நீளமாகவே நின்றுவிடும். நம் டிஎன்ஏ எங்காவது உடைந்திருந்தால், செல் அதை ஒட்டும்போது இந்தத் துண்டையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. வைரஸுக்கு இதில் லாபமே இல்லை. ஒட்டிக்கொண்ட துண்டிலிருந்து முழு வைரஸ் உருவாகாது. நமக்குத்தான் கேடு.

தொற்றிய சில நாட்களிலேயே இது நடக்கத் தொடங்குகிறது. பெரும்பாலான ஒட்டல்கள் எதுவும் செய்யாமல் கிடக்கும், அல்லது அந்தச் செல்லே செத்துப்போகும். லட்சக்கணக்கான செல்களில் நாற்பது வருடம் நடந்தால் ஏதாவது ஒன்றில் கேடான இடத்தில் போய் விழும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வைரஸ் உள்ள நோயாளிகளின் புற்றுக் கட்டிகளில் 86 சதவீதத்தில் இந்த ஒட்டல் இருந்தது. பக்கத்தில் இருந்த, கட்டியில்லாத கல்லீரலில் 31 சதவீதத்தில்.

எங்கே விழுகிறது? அதிகம் காணப்படும் இடம் டெர்ட் என்ற மரபணுவின் வாசல். நம் குரோமோசோம்களின் முனை ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் கொஞ்சம் தேயும். தேய்ந்து ஓர் அளவுக்குக் குறைந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். அந்த முனையை மறுபடி வளர்க்கும் நொதியைத் தருவது டெர்ட். வளர்ந்தவர்களின் கல்லீரல் செல்லில் அதை அணைத்து வைத்திருக்கிறது உடம்பு. வைரஸ் துண்டு அதன் வாசலில் விழுந்தால் அது எரியத் தொடங்கும். அந்தச் செல்லுக்குப் பிறகு ஓய்வு கிடையாது. செல் பிரிவதை முடுக்கும் சைக்ளின் மரபணுக்களிலும், கேஎம்டி2பி என்ற ஒன்றிலும்கூட வைரஸ் துண்டுகள் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

வாசகியின் அப்பச்சிக்குக் கல்லீரல் சுருங்காமலே புற்றுநோய் வந்ததற்கு இங்கேதான் விடை. குடியாலும் கொழுப்பாலும் வரும் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் சுருக்கம் வந்த பிறகு வருகிறது. ஹெபடைடிஸ் பி அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடியது.

இந்த மாற்றங்கள் எல்லாம் அப்பச்சியின் கல்லீரலில், அவர்கள் ஆயுளில், எழுதப்பட்டவை. பிள்ளைகளுக்கு வராது. ரத்தத்தை எடுத்துப் பரம்பரை மரபணு பார்க்கும் அந்த இருபத்தைந்தாயிரம் ரூபாய்ச் சோதனையில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

20 ஜூன்

கல்யாணப் பத்திரிகையை ஒருவர் உண்மையிலேயே எண்ணிப் பார்த்துவிட்டு, புள்ளி, கொம்பு, காலை எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்கிறார். எடுங்கள். பந்திப் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

26 ஜூன்

முடிவுகள் வந்துவிட்டன. அனுமதி பெற்று எழுதுகிறேன். சின்ன அத்தை: பாசிட்டிவ். அப்பச்சியின் தம்பி: நெகட்டிவ், எதிர்ப்புப் புரதம் (வைரஸை எதிர்க்க உடம்பு செய்வது) உண்டு. வாசகியின் தாயார்: எதுவும் இல்லை, தொற்றியதே இல்லை. தம்பி: பாசிட்டிவ். வாசகி: ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆனால் 'கோர்' எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ். தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்தக் கோர் புரதம் வராது. வைரஸ் உள்ளே வந்து போனால்தான் வரும். அதாவது வாசகிக்கும் தொற்றியிருக்கிறது, அவர் உடம்பு விரட்டியிருக்கிறது.

தாயாருக்கு இல்லை என்பதால் இந்த இருவருக்கும் பிரசவத்தில் வரவில்லை. சின்ன வயதில் அதே வீட்டில் அப்பச்சியிடமிருந்தோ அத்தையிடமிருந்தோ வந்திருக்கும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தங்கும். தம்பி அந்த ஒருவர்.

தம்பி இடிந்துபோய் இருக்கிறாராம். தம்பிக்கு: உங்கள் அப்பச்சிக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, இருபத்தெட்டு வயதிலேயே தெரிந்துகொண்டது. வைரஸ் அளவு, கல்லீரல் நொதி, ஸ்கேன், ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பது), இந்த நான்கையும் பார்த்துக்கொண்டு ஒரு கல்லீரல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை இப்போதே வேண்டுமா என்பதை அவர் சொல்வார். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

30 ஜூன்

இந்த அக்கா தம்பி விஷயம் என்னை விடவில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. ஒருவர் விரட்டுகிறார், ஒருவர் வைத்துக்கொள்கிறார். என் கணக்கும் அப்படித்தான்: வளர்ந்த பிறகு தொற்றியவன் நான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் விரட்டும் வைரஸ் என்னிடம் தங்கிவிட்டது. என்னோடு வாயால் பிப்பெட் இழுத்த இன்னொருவருக்குக் கோர் மட்டும் பாசிட்டிவ்; ஆள் இன்றும் திருப்பத்தூரில் ஜோராக இருக்கிறார். எந்த வயதில் தொற்றியது, எவ்வளவு உள்ளே போனது என்பதெல்லாம் உண்டு. அதோடு முடியவில்லை.

இங்கேதான் பரம்பரை மரபணு உண்மையாகவே உள்ளே வருகிறது. மேலே எழுதியதைப் படித்துவிட்டு "பரம்பரைக்கு இடமே இல்லை என்கிறார்" என்று யாராவது புரிந்துகொண்டிருந்தால், அப்படி இல்லை.

நம் செல்கள் உள்ளே நுழைந்த கிருமியின் துண்டுகளை வெளியே நீட்டி, வெள்ளணுக்களுக்குக் காட்டும். நீட்டிக் காட்டும் கைகள்தான் ஹெச்எல்ஏ புரதங்கள். அவற்றின் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடும். அம்மாவிடமிருந்து ஒரு செட், அப்பாவிடமிருந்து ஒரு செட். உடன்பிறந்த இருவருக்கு இரண்டு செட்டும் ஒன்றாக அமைய நாலில் ஒரு வாய்ப்புத்தான். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஹெச்எல்ஏ-டிபி என்ற பகுதியில் சில வகைகளைப் பெற்றவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தங்குவது குறைவு என்று கண்டார்கள். பிறகு ஹெச்எல்ஏ-டிக்யூ பகுதியும் சேர்ந்தது. வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் கதவு எது என்று 2012இல் பெய்ஜிங்கில் கண்டுபிடித்தார்கள்; பித்த உப்பை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் அது. கிழக்காசியாவில் சிலருக்கு அந்தக் கதவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவர்களுக்குத் தொற்று தங்குவது குறைவு.

தங்கிய பிறகு புற்றுநோய் வருமா என்பதிலும் மரபணுவைத் தேடினார்கள். 2010இல் சீனாவில் கேஐஎஃப்1பி என்ற மரபணுவின் பக்கத்தில் ஒன்று கிடைத்தது என்று பெரிதாக வந்தது. வேறு கூட்டங்களில் தேடியபோது சில இடங்களில் கிடைக்கவில்லை. ஸ்டாட்4 என்ற ஒன்றும் வந்தது. தைவானில் இன்னொரு கணக்கு: வைரஸ் உள்ள இருவரை எடுத்து ஒப்பிட்டால், குடும்பத்தில் இந்தப் புற்றுநோய் உள்ளவருக்கு இல்லாதவரைவிட ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். வைரஸ் இருவருக்கும் சமம், ஆனாலும் குடும்பம் கூட்டுகிறது.

இதெல்லாம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு சமாச்சாரம். வைரஸ் 223 மடங்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள் என்பதுதான் நான் முதலிலிருந்தே சொல்வது. தம்பிக்குக் குடும்ப வரலாறு இருப்பதால் ஸ்கேனைத் தள்ளிப்போட முடியாது, நாற்பது வயது ஆகட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. நடைமுறையில் பரம்பரைக்கு இருக்கும் வேலை இவ்வளவுதான்.

3 ஜூலை

ஒருவர் கேட்கிறார்: "என் நண்பர் வைரஸ் அளவு பூஜ்யம் என்று ரிப்போர்ட் வாங்கிவிட்டார். ஆனால் ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் போகவே மாட்டேன் என்கிறது, லேப் தவறா?"

லேப் எதற்கெடுத்தாலும் தவறு செய்வதில்லை ஐயா. எனக்கும் அப்படித்தான். மாத்திரை வைரஸ் நகல் எடுப்பதை நிறுத்துகிறது. நம் டிஎன்ஏவில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட துண்டுகளை அதனால் பிடுங்க முடியாது. அந்தத் துண்டுகள் முழு வைரஸைத் தயாரிக்காவிட்டாலும் மேலுறைப் புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதைத்தான் சோதனை பிடிக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் ஆபத்து குறையும், பூஜ்யமாகாது. அதனால் வைரஸ் அளவு பூஜ்யமானாலும் ஆறு மாத ஸ்கேன் நிற்காது.

8 ஜூலை

பூஞ்சை பிடித்த கடலையாலும் கல்லீரல் புற்றுநோய் வரும் என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு வருவோம். புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், கடலையைப் பற்றி ஏன் பயம் கிளப்புகிறீர்கள் என்று. நான் கிளப்பவில்லை, வேறொருவர் கிளப்பினார். ஆனால் விஷயம் உண்மை.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கல்லீரல் கெட்டுச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை, அதில் ஒரு நஞ்சு: அஃப்லடாக்ஸின். நம் நாட்டிலேயே 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறப் பழங்குடி கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள்.

மரபணுப் பக்கம் இதில்தான் எனக்குப் பெரிய வியப்பு. பி53 என்று ஒரு காவல் மரபணு, டிஎன்ஏ சேதமான செல்லைப் பிரிய விடாமல் நிறுத்துவது. 1991இல் சீனாவின் சிடோங்கிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் கட்டிகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் ஒரே விஷயத்தைக் கண்டன: பி53இன் 249ஆம் மூன்றெழுத்துக் குறியில் ஜி என்ற எழுத்து டி ஆக மாறியிருக்கிறது. பல கட்டிகளில் அதே இடம், அதே மாற்றம். அஃப்லடாக்ஸின் அதிகமில்லாத நாடுகளில் இந்த மாற்றம் அரிது. கட்டியின் டிஎன்ஏவைப் படித்தே அந்த மனிதர் வாழ்நாளில் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடிகிறது. வைரஸும் இந்த நஞ்சும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாகச் சேர்வதில்லை, பெருக்கலாகப் போகிறது.

விவசாயிக்கு: காயவைத்த கடலை நல்ல கடலை. மழையில் நனைந்து மூட்டையில் புழுங்கியது, சுருங்கி நிறம் மாறியது, கசப்பது, இவற்றை வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பொறுக்கி எறிய வேண்டும். மாட்டுக்கும் போடக்கூடாது, பாலில் வரும். செக்கு எண்ணெய் ஆட்டக் கொடுக்கும்போது சொத்தைக் கடலையைத் தனியே எடுத்துவிடுங்கள். நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும்.

எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்தான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, பணியாரம் அதில்தான் நன்றாக வரும்.

11 ஜூலை

சொந்தத்தில் கல்யாணம்: அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டும்போது கூடும் ஆபத்து, இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே குறைபாட்டு மரபணு பிள்ளையில் சந்திப்பது. தலசீமியா, பிறவிக் காது கேளாமை, சில வளர்சிதை மாற்ற நோய்கள் அந்த வகை. ஹெபடைடிஸ் பி அந்த வகையில்லை. ஒன்பது கோயில் பிரிவில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் கட்டக்கூடாது என்று கவனமாக இருக்கும் நகரத்தார் சமூகம், மாமன் மகளை மட்டும் உரிமையோடு கட்டுவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த இழையில் வேண்டாம். பங்காளி வீட்டு அண்ணனிடம், அவரும் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தம்பி கல்யாணம் செய்யலாம். பெண்ணிடமும் பெண் வீட்டிலும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பெண்ணுக்கு மூன்று தவணை தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ஒரு சோதனை பார்த்தால் தீர்ந்தது. ஜாதகம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், இந்த ஒரு ஊசியைச் சொல்ல வாய் வரவில்லை.

பரம்பரை என்று சொன்னால் குடும்பத்துக்கு அவமானமில்லை, விதி என்று விட்டுவிடலாம். தொற்று என்றால் எச்சில் தட்டிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள். அதனால்தான் பல வீடுகளில் பரம்பரை என்றே சொல்லிக்கொள்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் சோதனையே செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். எச்சில் தட்டில் பரவாது. சேர்ந்து சாப்பிடலாம், ஒரே குவளையில் குடிக்கலாம். பிளேடும் பல் துலக்கியும் மட்டும் தனி.

28 ஜூலை

இன்று உலக ஹெபடைடிஸ் தினம். 1925இல் இதே நாளில் பிறந்த பாருக் பிளம்பெர்க்கின் நினைவாக. இந்த மனிதரின் கதை வாசகியின் கேள்விக்கு அப்படியே பொருந்துகிறது, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பிளம்பெர்க் வைரஸைத் தேடவே இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்களில் இருக்கும் பரம்பரை வேறுபாடுகளைத் தேடினார். ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் புதுப் புரதம் ஒன்று கிடைத்தது. 1965இல் அதை ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று வெளியிட்டார். பிறகு பிலிப்பைன்ஸில் செபு பகுதிக் குடும்பங்களைச் சோதித்தார். குடும்பங்களில் வரிசையாக வந்தது. மென்டல் விதிப்படி இறங்கும் பரம்பரைப் பண்பு என்றே எழுதினார்! பங்காளி வீட்டு அண்ணன் சொன்னதைத்தான் பின்னால் நோபல் பரிசு வாங்கப்போகிறவரும் சொன்னார்.

அதைக் கலைத்தது ஒரு நோயாளி. முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். பிறவிப் பண்பு நடுவில் முளைக்காதே? பார்த்தால் இடையில் அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. அடுத்து அவருடைய லேபிலேயே வேலை பார்த்த பார்பரா வெர்னர் 1967இல் உடம்பு சரியில்லாமல் போய், தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். பாசிட்டிவ். இந்தச் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் ஹெபடைடிஸ் நோயாளிகளில் ஒருவர், நம் இனம், லேப்காரி. 1976இல் பிளம்பெர்க்குக்கு நோபல்.

இன்னொன்று. கீழாநெல்லி சாப்பிட்டால் இது போகுமா என்று கேட்டவர்கள் வரிசையில் நிற்கிறீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவும் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. எங்கள் அம்மாவும் மோரில் அரைத்துக் கொடுத்தார்கள், நான் குடித்தேன், ஆட்சேபணை இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் குடிக்கிறேன் என்று வந்தால் ஆட்சேபணை உண்டு.

6 ஆகஸ்ட்

கோட்டையூர் மாணவர் விடவில்லை: வைரஸுக்கே வகைகள் உண்டாமே? உண்டு, ஏ முதல் ஜே வரை. நம் நாட்டில் பெரும்பாலும் டி, ஏ, கிழக்கே சி. சி வகையில் புற்றுநோய் அதிகம். எந்த வகையானாலும் 1762, 1764 ஆகிய இரண்டு இடங்களில் எழுத்து மாறிய வைரஸ் வந்துவிட்டால் ஆபத்து ஏறும். மாத்திரை கொடுக்கும் முடிவு இதை வைத்து மாறுவதில்லை என்பதால் தம்பிக்கு இந்தச் சோதனை வேண்டாம். மாணவருக்கு வேண்டும், அவர் ஆராய்ச்சி செய்யட்டும்.

17 ஆகஸ்ட்

வாசகி எழுதுகிறார்: பெரிய அத்தையின் மகளும் பாசிட்டிவ், ஆறாவது மாதம். மற்றதையெல்லாம் தள்ளி வையுங்கள், இது முதல்.

அவருக்கு வைரஸ் அளவு உடனே பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஏழாவது மாதம் முதல் டெனோஃபோவிர் கொடுப்பார்கள், பிள்ளைக்குப் பாதுகாப்பானதுதான். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிரசவம் எங்கே என்று இப்போதே முடிவுசெய்து, அந்த இடத்தில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரத ஊசி) இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பிள்ளை பிறந்துவிட்டுத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றால் நேரம் போய்விடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள், கூடுமானால் 12 மணிக்குள், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். பிறகு 6, 10, 14 வாரங்களில் வழக்கமான ஐந்து நோய்த் தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் அரசே போடுகிறது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

தைவானில் 1984இல் இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கினார்கள், முதலில் வைரஸ் உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு, 1986 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36ஆகக் குறைந்தது. மரபணுவை யாரும் தொடவில்லை.

18 ஆகஸ்ட்

அத்தை மகள் கேட்கச் சொன்னாராம்: பிள்ளைக்கு எப்போது சோதனை? பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆன பிறகு, ஹெச்பிஎஸ்ஏஜியும் எதிர்ப்புப் புரதமும் சேர்த்து. அதற்கு முன்னால் பார்த்தால் இம்யூனோகுளோபுலினே எதிர்ப்புப் புரதமாகத் தெரிந்து குழப்பும். முதல் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நாலு வயது என்று. அந்தப் பிள்ளைக்குப் பார்த்தாயிற்றா?